திரை நிறைய

துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்து அலமாரியில் அடுக்குவது அந்த வீட்டில் அவருடைய வேலை. மனைவி துவைப்பாள். மகள் கொடியிலிருந்து எடுத்து வந்து கட்டிலில் கொட்டுவாள். அதோடு அவர்கள் பங்கு முடிந்தது. மடிப்பதை அவர் யாரிடமும் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்த கையோடு கட்டிலோரம் நின்றுகொண்டு ஆரம்பிப்பார். சட்டைகளை எல்லாம் ஒரே அகலத்துக்கு மடிப்பார். துண்டுகளைச் சுருட்டுவார். சட்டை அடுக்குக்கும் போர்வை அடுக்குக்கும் நடுவில் விழும் சந்தில் காலுறைகளை உருட்டி உருட்டிச் செருகுவார். கடைசியில் கதவைச் சாத்தும்போது உள்ளே ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடம் இருக்காது.

இதில் ஒரு சின்னச் சங்கடம், உள்ளே போன துணி வெளியே வராது. ஒரு சட்டையை உருவினால் அந்த வாரத்துத் துணி மொத்தமும் கூடவே வந்து காலில் விழும். "இவர் அடுக்கினா அது அலமாரி இல்ல, சுவரு" என்று மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். மகள் கெட்டிக்காரி. தனக்கு வேண்டியதை அவர் கை படுவதற்கு முன்பே கட்டிலிலிருந்து கடத்திக்கொண்டு போய்விடுவாள்.

வீட்டில் செய்வதைத்தான் அவர் வெளியிலும் செய்கிறார். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் இறக்கிக் கொடுக்கும் கம்பெனியில் அவர் மேஸ்திரி. வெறும் சுமை தூக்குகிறவராக வந்தவர்தான். மற்ற ஆட்களுக்கு லாரியின் பின்புறம் காலிப் பெட்டியாகத் தெரிந்தபோது இவருக்கு மட்டும் அதில் சந்துகள் தெரிந்தன. கட்டில் பலகைகளைப் பக்கவாட்டில் சாத்தி, மெத்தையை நிமிர்த்தி, மெத்தைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் தலையணைகளைத் திணித்து, வாஷிங் மெஷின் வயிற்றுக்குள் பொம்மைகளைப் போட்டு, சைக்கிள் கம்பிகளுக்கு இடையில் குடையைச் செருகி, இரண்டு நடை அடிக்க வேண்டிய வீட்டை ஒரே நடையில் முடிப்பார். "காத்தை ஏத்திட்டுப் போறதுக்கா லாரி?" என்று கேட்பார். சந்து இருந்தால் சாமான் ஆடும், ஆடினால் உரசும், உரசினால் உடையும். அவருடைய தொழில் ஞானம் முழுவதும் இதற்குள் அடங்கும்.

கம்பெனியில் அவருக்கு 'அடைசல்' என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேரே அடைசல் அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் அடைசல். அது அவர் காதுக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், என்னவோ பட்டயம் வாங்கியவர் போலச் சொன்னார்.

காலி இடத்தை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பேசும்போது மேஜை மேலிருக்கும் டம்ளர்களை நெருக்கி நெருக்கி வைப்பார். பெரிய டிவி வாங்கிய புதிதில், சில பழைய நிகழ்ச்சிகள் வரும்போது திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாக நின்றது. அவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் போராடி, படத்தை இழுத்து விரித்து, திரையை நிறைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டு டிவியில் வந்த எல்லோருமே குண்டு. செய்தி வாசிக்கிற அம்மாளுக்குத் தவலை மாதிரி முகம். ஓட்டப்பந்தய வீரர்கள்கூட உருண்டுகொண்டுதான் ஓடினார்கள். மகள் ஒருநாள் தோழி வீட்டுக்குப் போய்விட்டு ஓடிவந்து, "அம்மா, அந்தச் செய்தி அம்மா ஒல்லிம்மா" என்றாள். அவர் அசரவில்லை. காசு கொடுத்தது முழு டிவிக்கு, முக்கால் டிவிக்கு இல்லை என்றார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் கம்பெனி ஒரு செல்போனைக் கொடுத்தது.

சாமான் உடைந்தது, கீறியது என்று தகராறுகள் கூடிவிட்டதால் முதலாளி புதிதாக ஒரு விதி போட்டார். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பெரிய சாமானையும் முன்னால் நின்று முழுசாக ஒரு போட்டோ எடுக்கவேண்டும். மாலையில் எல்லாவற்றையும் முதலாளியின் போனுக்கு அனுப்பிவிடவேண்டும். பிறகு யாராவது குறை சொன்னால் படத்தை எடுத்துக் காட்டலாம். அந்த வேலை மேஸ்திரிக்கு.

போட்டோ எடுப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. எடுத்ததைப் பார்ப்பதில்தான் சிரமம். போனின் கேமரா எடுக்கிற படம் குட்டையாக, அகலமாக இருந்தது. போனின் திரையோ நெட்டையாக, ஒடுங்கி இருந்தது. படத்தைத் திறந்தால் மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் படம். மகளிடம் காட்டி, போன் கெட்டுவிட்டதா என்று கேட்டார்.

"அது அப்படித்தாம்ப்பா இருக்கும். கேமரா ஒரு அளவு, திரை ஒரு அளவு. மீதி இடம் சும்மா கிடக்கும்" என்றாள் அவள், படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

சும்மா கிடக்கும் என்பது அவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை.

கொஞ்ச நாளில் போன் 'இடம் இல்லை, இடம் இல்லை' என்று புலம்ப ஆரம்பித்தது. அவருக்குக் காரணம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒவ்வொரு படத்தோடும் இரண்டு கறுப்புப் பட்டைகள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கறுப்பென்றால் அதற்கு மட்டும் இடம் பிடிக்காதா? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தைத் திறந்து இரண்டு விரலால் விரிப்பார். பட்டைகள் மறைந்து திரை நிறையப் படம் நிற்கும். அப்படியே திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வார். அதையே முதலாளிக்கு அனுப்பிவிட்டு, பட்டை போட்ட பழைய படத்தை அழிப்பார். அழித்தவை போய்த் தங்குகிற குப்பைத்தொட்டி ஒன்று போனுக்குள் இருப்பதையும் கண்டுபிடித்து, இறக்கி முடித்த லாரியைப் பெருக்கிவிடுவது போல, அதையும் தினமும் காலி செய்துவிடுவார். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் காரியத்தைச் செய்வது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கால் ஆடாமல் உட்கார்ந்திருந்தது அந்தப் பஸ் பயணத்தில் மட்டும்தான். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காருகிறவர்கள் பார்த்திருந்தால் ஆள் ஏதோ முக்கியமான உத்தியோகத்தில் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அதே சமயத்தில்தான் மைத்துனனும் கம்பெனியில் சேர்ந்தான். மனைவியின் ஒரே தம்பி. கடையில் நின்றிருக்கிறான், காவலுக்கு இருந்திருக்கிறான், கொஞ்ச நாள் ஒரு அச்சகத்தில் தாள் அடுக்கியிருக்கிறான். எதிலும் நிலைத்ததில்லை. சோம்பேறி என்று சொல்லமுடியாது. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் மறுநாள் போகமாட்டான், அதுதான் வியாதி. அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனை, ஒரு இடத்தில் சேர்த்துவிடுங்கள் என்று மனைவி நச்சரித்தாள். அவர் தயங்கித் தயங்கிக் கடைசியில் முதலாளியிடம், "பையன் என் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

பையன் நன்றாகவே தேறினான். தோளில் பலம் இருந்தது, கையில் பதமும் இருந்தது. கண்ணாடி சாமான் என்றால் மற்ற ஆட்களே அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு சின்ன அறை பிடித்துத் தனியாகப் போனான். வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்கு வந்து, வந்த கையோடு ஏதாவது ஒரு வேலையை எடுத்துப் போட்டுக்கொண்டு செய்துவிட்டுப் போனான். "என் தம்பி நிமிர்ந்துட்டான்" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் அவர் டம்ளர்களை நெருக்கி வைத்துக்கொண்டு, "யார் சேர்த்துவிட்டது?" என்பார்.

பிரச்சினை ஒரு கண்ணாடி அலமாரியால் வந்தது.

ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவர் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு தரைத்தள வீட்டுக்கு மாறினார். அவரிடம் அகலமான ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதைப் போர்வையால் சுற்றி, மைத்துனன் வலப்பக்கத்தைப் பிடிக்க, இன்னொருவன் இடப்பக்கத்தைப் பிடிக்க, படி வழியாக இறக்கினார்கள். மறுநாள் டீச்சர் அம்மா கம்பெனிக்குப் போன் செய்தார். கதவுக் கண்ணாடியில், கீழே வலது மூலையில், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். கத்தவில்லை, மிரட்டவில்லை. உடைத்தவர் யாரோ அவர் வந்து, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும், அது போதும் என்றார். முதலாளிக்கு அதுதான் கத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அட்டைப்பெட்டிகளுக்கும் பபிள் ஷீட் உருளைகளுக்கும் நடுவில் போட்டிருந்த மேஜைக்கு முன்னால் முதலாளி அவரை நிற்க வைத்துக் கேட்டார்.

"அந்தப் பக்கம் பிடிச்சது யாரு?"

"என் மச்சான்தான் முதலாளி. ஆனா அந்த விரிசல் முன்னாடியே இருந்தது. நான் பார்த்தேன். டீச்சர் வீட்டுல அந்த மூலையை மறைச்சு ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க, அதனால அவங்க கவனிச்சிருக்க மாட்டாங்க. நான் நாற்காலியை நகர்த்திட்டு, தள்ளி நின்னு, முழுசா போட்டோ எடுத்தேன்."

"அப்போ காட்டு. முடிஞ்சுபோச்சு."

அவர் போனை எடுத்து, தள்ளித் தள்ளி, அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீட்டினார். அலமாரியின் நடுப்பகுதி திரை நிறைய நின்றது. இரண்டு கைப்பிடிகள், கதவுகள் சேரும் கோடு, பூட்டு. இடது ஓரமும் இல்லை, வலது ஓரமும் இல்லை. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, பூட்டுக்கு ஜாதகம் எழுதவா எடுத்தே?"

அவருக்கே குழப்பமாக இருந்தது. இன்னொன்று இருக்கும், வீட்டில் போய் நிதானமாகத் தேடிப் பார்க்கிறேன் என்றார். சனிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றார் முதலாளி. அதுவரை மைத்துனன் பெட்டிகளை மட்டும் தூக்கட்டும், கண்ணாடி பக்கம் போகவேண்டாம். படம் வரவில்லையென்றால் அவன் வேறு இடம் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

அந்த வாரம் அவர் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. போனில் தேடுவார், கீழே வைப்பார், எழுந்து போய் எதையாவது அடுக்குவார், மறுபடி வந்து போனை எடுப்பார். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளை வெளியே இழுத்து வேறு வரிசையில் உள்ளே தள்ளினார். செருப்புகளைச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினார். சமையலறையில் டப்பாக்களை உயர வாரியாக மாற்றி வைத்தார். மனைவிக்கு உப்பு கிடைக்கவில்லை.

"போன்ல இருக்கிற போட்டோவைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி ஏன் தேடறீங்க?" என்றாள்.

அவளுக்கும் உள்ளுக்குள் பதற்றம்தான். தம்பி இந்த வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன் செய்தால் எடுத்து, "ம்", "சரி" என்று வைத்துவிடுகிறான். மறுநாள் போகமாட்டான் என்கிற அந்தப் பழைய வியாதி எந்த நிமிஷமும் திரும்பலாம் என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை வேலை போனால் அறை போகும், அறை போனால் பாய் மறுபடியும் கூடத்துக்கு வரும். பாயில் அவளுக்கு வருத்தமில்லை. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்கத்தான் அவளால் முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேலும் கீழும் தள்ளிவிட்டு, "என்னப்பா இது, எல்லாமே ஸ்கிரீன்ஷாட்டா இருக்கு? நிஜப் போட்டோ ஒண்ணுகூட இல்லையே" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"யார் சொன்னா?"

கேள்வியில் இருந்த தொனி அவரை உசுப்பிவிட்டது. இத்தனை நாள் தனக்குள் வைத்திருந்த வித்தையை இப்போதாவது காட்டிவிடலாம் என்று, "நில்லு, காட்டறேன்" என்றார். மனைவி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். மகள் நடுவில் நாற்காலியில் இருந்தாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து ஒரு படம் எடுத்தார். திறந்தார். மேலேயும் கீழேயும் பட்டை. "பார்த்தியா, இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று இரண்டு விரலால் விரித்தார். திரை நிறைந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். பழையதை அழிக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனபோது மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அப்பா. இதுல அம்மா எங்க?"

அவர் பார்த்தார். திரை நிறைய மகள் இருந்தாள். நாற்காலி இருந்தது. கதவு இல்லை.

"நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாள் மனைவி கதவிலிருந்து.

மகள் பொறுமையாகச் சொன்னாள். கறுப்புப் பட்டை படத்தில் இல்லை, திரையில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு இடமும் பிடிக்காது. நெட்டைத் திரையை நிறைக்க விரிக்கும்போது படத்தின் இரண்டு ஓரமும் வெளியே போய்விடும். வெளியே போனால் பரவாயில்லை, மறுபடி சுருக்கினால் திரும்பி வரும். ஆனால் இவர் மிச்சமிருந்ததை மட்டும் படம் பிடித்துக்கொண்டு முழுசை அழித்திருக்கிறார். அழித்ததையும் பெருக்கித் தள்ளியிருக்கிறார்.

அவர் போனில் படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். வீடுவீடாக வந்தது. ஓரமில்லாத சோபாக்கள். காலில்லாத, பக்கமில்லாத மேஜைகள். நடுவில் சொந்தப் படங்களும் வந்தன. அவற்றையும் விட்டுவைத்திருக்கவில்லை. ஏரிக்கரையில் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்தது, மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று வாசலில் எடுத்தது. மனைவிக்கு எந்தப் படத்திலும் ஓரத்தில் நிற்கிற பழக்கம். மைத்துனனுக்கு அதற்கும் அந்தப்பக்கம் நிற்கிற பழக்கம். ஏரிக்கரைப் படத்தில் மனைவியின் ஒரு தோளும் கைப்பையும் இருந்தன. மைத்துனன் வந்ததாகவே தெரியவில்லை. மனைவி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கைப்பை நல்லா விழுந்திருக்கு" என்றாள். பிறகு, "அப்போ தம்பி?" என்றாள்.

அவள் எதைக் கேட்கிறாள் என்று மூன்று பேருக்கும் தெரியும். அலமாரியின் மூலையைக் காட்ட இனி எந்தப் படமும் வரப்போவதில்லை.

நாளைக்கே போய் முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றாள். அவர் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எப்படிச் சொல்வது? சந்து விடாமல் அடுக்குகிறவன் என்று பேர் வாங்கிய ஆள், எல்லா வீட்டுச் சாமானுக்கும் ஓரத்தை நறுக்கிக் குப்பையில் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆட்கள் காதுக்குப் போனால் பட்டப்பெயரையே மாற்றிவிடுவார்கள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொன்னால் என்ன என்று யோசித்தார். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டார்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி. "போன் தண்ணியில விழுந்ததுன்னா தம்பிதான் உடைச்சான்னு ஆகும். நான்தான் வெட்டினேன்னு சொன்னா நீங்க வெட்டினீங்கன்னு ஆகும். எதுக்கு உங்களுக்கு மனசு வருதோ அதைச் சொல்லுங்க."

சனிக்கிழமை காலை அவர் உண்மையைச் சொன்னார். முதலாளி முதலில் நம்பவில்லை. தன் போனை எடுத்து, இத்தனை மாதமாக வந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அவற்றை யாரும் அதுவரை திறந்தே பார்த்திருக்கவில்லை, டீச்சர் அம்மாவுக்கு முன்னால் குறை சொல்லி யாராவது வந்திருந்தால்தானே பார்ப்பதற்கு. பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இவ்வளவு நாளா எனக்கு ஊர் சாமானோட தொப்புளை மட்டும் அனுப்பிட்டு இருந்திருக்கியேய்யா."

சிரித்து முடித்ததும் போனை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். இனிமேல் படம் எடுக்கிற வேலை டிரைவருக்கு. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனால் முதலாளி முடிக்கவில்லை.

"உன் போனை நம்ப முடியல. உன் வாயை நம்பறேன். இத்தனை வருஷத்துல நீ பார்த்ததைத்தான் சொல்லியிருக்கே, பார்க்காததைச் சொன்னதில்ல. திங்கட்கிழமை என்கூட டீச்சர் வீட்டுக்கு வா. அந்தம்மா எதிர்ல நின்னு, விரிசல் முன்னாடியே இருந்தது, நான் என் கண்ணால பார்த்தேன்னு சொல்லு. அவங்க ஒத்துக்கிட்டா உன் மச்சான் பழையபடி கண்ணாடி தூக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல."

வெளியே வந்ததும் அவருக்குப் பறக்கலாம் போல இருந்தது. அன்று ஒரு மூன்று அறை வீட்டை ஒரே நடையில் ஏற்றினார். ஆட்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. மைத்துனன் பெட்டிகளை மட்டும் தூக்கிக்கொண்டு, பேசாமல் போய் வந்துகொண்டிருந்தான். சாயங்காலம் வீட்டுக்கு வா என்று மட்டும் அவனிடம் சொன்னார்.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கையில் போன் இல்லை. கால் ஆட ஆரம்பித்தது. திங்கட்கிழமை சொல்லவேண்டியதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினார். டீச்சர் வீட்டுக் கூடம். ஜன்னல் வெளிச்சம். நாற்காலியை நகர்த்தினார். அலமாரிக்கு முன்னால் நின்றார். அலமாரி வந்தது, கைப்பிடிகள் வந்தன, பூட்டு வந்தது. ஓரம் வரவில்லை.

மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்த்தார். நாற்காலியை நகர்த்தியது நிச்சயம், அதன் ஒரு கால் ஆடியதுகூட நினைவிருந்தது. குனிந்தாரா? குனிந்திருப்பார். எத்தனையோ வீட்டில், எத்தனையோ அலமாரியில், மூலையில் மயிரிழை போல ஓடும் விரிசலைப் பார்த்திருக்கிறார். அந்த மாதிரி ஒன்று கண்ணுக்குள் வரத்தான் செய்தது. ஆனால் அது டீச்சர் வீட்டு மூலையா, வேறு யாருடைய வீட்டு மூலையா? முதலாளி முன்னால் நின்று 'பார்த்தேன்' என்று சொன்னபோது சந்தேகம் இருந்ததா? அப்போது இல்லை. ஆனால் மச்சான் பெயர் வந்த வேகத்தில் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் உண்மைதான். வாரம் முழுக்க அந்த வெட்டுப்பட்ட படத்தையே திறந்து திறந்து பார்த்திருந்தார். இப்போது கண்ணை மூடினால் வீடு வரவில்லை, படம்தான் வருகிறது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்து வந்தார்.

மைத்துனன் அவருக்கு முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மனைவி கம்பெனிக்குப் போன் போட்டு விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, சந்தோஷத்தில் மூன்று பேருக்கும் டீ போட்டு வைத்திருந்தாள். "திங்கட்கிழமை மாமா போய் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்று தம்பியிடம் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் டீயைத் தொடவில்லை. அவர் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

அன்றைக்கு இரண்டாவது மாடித் திருப்பத்தில் அலமாரியைச் சாய்த்துத் திருப்பும்போது, அவன் பிடித்திருந்த பக்கம் கைப்பிடிக் கம்பியில் லேசாக மோதியது. ஒரு சத்தம் கேட்டது. பலமான சத்தமில்லை. போர்வைக்கு மேலாகத் தடவிப் பார்த்தான், ஒன்றும் தட்டுப்படவில்லை. இடப்பக்கம் பிடித்தவன் கவனிக்கவில்லை, இவனும் சொல்லவில்லை. இறக்கிப் போர்வையைப் பிரித்தபோது அவன் லாரிக்குள் இருந்தான். மறுநாள் புகார் வந்ததும் அந்தச் சத்தம் அவன் காதிலேயே நின்றது.

"அப்புறம் நீங்க முன்னாடியே இருந்ததுன்னு சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன் மாமா. உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. அப்போ நான் இல்ல, அந்தச் சத்தம் வேற எதோன்னு. அப்புறம் போட்டோ இல்லன்னாங்க. மறுபடியும் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பிச்சுடுச்சு."

"அதான் மாமா பார்த்திருக்காரேடா" என்றாள் மனைவி.

"நீ சொல்லாத அக்கா. அவர் சொல்லட்டும்." அவன் முதன்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தான். "நான் உடைச்சிருந்தா நானே அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிடறேன். வேலை போனா போகட்டும், வேற பார்த்துக்கறேன். உடைக்கலன்னா தலை நிமிர்ந்து வேலைக்குப் போறேன். எனக்கு எது நிஜம்னு தெரிஞ்சாப் போதும். எனக்காகச் சொல்ல வேண்டாம் மாமா. அந்த விரிசலை நீங்க பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் வாயைத் திறந்தார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மகள் ஏதோ படித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அவர் கண்ணை மூடி, நாற்காலியை இன்னொருமுறை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்தார். பூட்டு, கைப்பிடி, அதற்கப்பால் ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தார். அவர் கை தானாக நீண்டு, மேஜையிலிருந்த மூன்று டீ டம்ளர்களையும் ஒன்றோடொன்று இடிக்கும்படி நெருக்கியது.

மைத்துனன் நெருங்கி நின்ற டம்ளர்களைப் பார்த்தான். பிறகு எழுந்தான். அக்கா ஏதோ சொல்ல வந்தாள், அவன் நிற்கவில்லை. தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, மேஜைக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக ஒருக்களித்து நடந்து, கூடத்தை விட்டு வெளியே போனான்.